‘ஆயிருக்கிறது’ என்னும் சொல்: நற்கருணை பற்றிய புராட்டஸ்டண்டுக் கொள்கைகள் குறித்து ஒரு மறுநோக்கு

கிறித்துவ இறையியல் வரலாற்று நூல்கள் நற்கருணையைப் பற்றிப் பேசும்போது புராட்டஸ்டண்டுக் கொள்கைகளை ஒரே கோட்டில் வரிசைப்படுத்திக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. கோட்டின் ஒரு முனையில் மார்ட்டின் லூத்தர் நிற்பார். அப்பத்திலும் திராட்சரசத்திலும் கிறித்துவின் உடலும் இரத்தமும் மெய்யாகவே உள்ளன என்பது அவர் கொள்கை. மறுமுனையில் சூரிச் நகரத்து உல்ரிச் சுவிங்லி. அவருக்கு அச்சடங்கு வெறும் நினைவுகூர்தல் என்பர். இருவருக்கும் இடையில் ஜான் கால்வின். மாணவர் மனத்தில் இருத்திக்கொள்ள இவ்வரிசை எளியது, தேர்வுக்கும் உதவும். ஆனால், இக்கோடு எதனை அளக்கிறது என்று வினவினால், ஒரு வினைச்சொல்லுக்கு ஒவ்வொருவரும் எவ்வளவு பொருட்கனம் தருகின்றனர் என்பதையே அளக்கிறது என்று விடை சொல்ல வேண்டியிருக்கும். இலத்தீனில் ‘எஸ்ட்’ எனவும் கிரேக்கத்தில் ‘எஸ்தின்’ எனவும் வழங்கும் இணைப்பு வினையே அது. தமிழில் அத்தகைய தொடருக்கு வினையே வேண்டுவதில்லை. இவ்விலக்கண வேறுபாட்டிலிருந்து தொடங்கி, மேற்சொன்ன வரிசை எந்த அளவுக்கு நிலைநிற்கும் என்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கிறித்துவரல்லாத வாசகர்க்காகச் சடங்கின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லலாம். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்திய இரவில் இயேசு தம் சீடருடன் உணவருந்தினார். அப்போது அப்பத்தை எடுத்து நன்றி கூறிப் பிட்டுக் கொடுத்து, அதனைத் தம் உடல் என்றார். கிண்ணத்தைக் கொடுத்து, அதனைத் தம் இரத்தம் என்றும் உடன்படிக்கை என்றும் குறித்தார். மத்தேயு, மாற்கு, லூக்கா நற்செய்திகளிலும் பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் மடலிலும் இச்செய்தி உள்ளது. தம் நினைவாக இதனைச் செய்யும்படி அவர் கூறியதாக லூக்காவும் பவுலும் குறிக்கின்றனர். அப்பத்தின் உட்பொருளே கிறித்துவின் உடலாக மாறிவிடுகிறது, புறத்தோற்றம் மட்டும் எஞ்சுகிறது என்பது உரோமைத் திருச்சபையின் போதனை. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் அதற்கு அதிகாரமுத்திரை அளித்தது. சீர்திருத்தக்காரர் அனைவரும் இந்தப் பொருள்மாற்றக் கொள்கையை மறுத்தனர். மறுத்தபின் எதை ஏற்பது என்பதில்தான் பிரிந்தனர்.

மார்பர்க், 1529

பிரிவு வெளிப்படையாக முற்றிய இடம் மார்பர்க் கோட்டை. 1529 அக்டோபர் 1 முதல் 4 வரை, ஹெஸ்ஸ நாட்டு ஆட்சியாளர் பிலிப் அங்கே இரு தரப்பாரையும் கூட்டினார். பேரரசரை எதிர்கொள்ளச் சீர்திருத்த நாடுகளும் நகரங்களும் ஒன்றுபட வேண்டும் என்பது அவருடைய அரசியல் கவலை. விட்டன்பர்கிலிருந்து லூத்தரும் மெலாங்தனும், சூரிச்சிலிருந்து சுவிங்லியும், பாசலிலிருந்து எக்கோலம்பாடியசும், ஸ்ட்ராஸ்பர்கிலிருந்து பூட்சரும் வந்தனர். லூத்தர் இயேசுவின் சொற்களை இலத்தீனில் மேசைமீது சுண்ணக்கட்டியால் எழுதி, அதன்மேல் விரிப்பை மூடிவைத்தார். எதிர்த்தரப்பார் மறைநூலிலிருந்து சான்று கேட்டபோது விரிப்பை நீக்கி அச்சொற்களையே காட்டினார். இறுதியில் வரைந்த 15 உறுப்புகளில் 14இல் முழு உடன்பாடு ஏற்பட்டது. பதினைந்தாவதிலும், அப்பத்தையும் கிண்ணத்தையும் மக்கள் அனைவருக்கும் அளித்தல் முதலான பலவற்றில் உடன்பட்டனர். உடல்வழிப் பிரசன்னம் என்ற ஒன்றில் மட்டும் இணங்கவில்லை.

லூத்தரின் பிடிவாதம் என்று இதனை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. அவருடைய மீட்புக்கோட்பாடு முழுவதும் கடவுளின் வாக்குறுதியைச் சார்ந்தது. கலங்கிய மனச்சான்றுடையவன் தன் நம்பிக்கையின் அளவை நோக்கினால் அமைதி பெறான். தனக்கு வெளியிலிருந்து வரும் சொல்லையும் கொடையையுமே பற்றிக்கொள்ள முடியும். அக்கொடை வாங்குபவனின் நம்பிக்கையைப் பொறுத்து இருப்பதும் இல்லாததுமாகிவிட்டால், அவன் மறுபடியும் தன்மேலேயே சாய வேண்டியதாகிறது. தகுதியற்றவனும் கிறித்துவின் உடலையே வாயால் பெறுகிறான், தண்டனைக்கென்றாலும் பெறுகிறான் என்று லூத்தர் வற்புறுத்தியது இதனால்தான்.

சுவிங்லியின் எதிர்வாதமும் அற்பமானதன்று. கிறித்து விண்ணேறித் தந்தையின் வலப்பக்கத்தில் வீற்றிருக்கிறார் என்று எல்லாத் திருச்சபைகளும் அறிக்கையிடுகின்றன. மெய்யான மனிதவுடல் ஒரே சமயத்தில் பல இடங்களில் இராது. அப்படி இருக்குமாயின் அது நம்மைப் போன்ற உடலாகாது. நம்மைப் போன்ற உடலாகாவிடில் மீட்பும் நமக்குரியதாகாது. கடவுளின் வலப்பக்கம் என்பது ஓர் இடமன்று, எங்கும் நிறைந்த அவரது ஆற்றலே என்று லூத்தர் மறுமொழி கூறினார். இருவரும் காக்க முனைந்தது கிறித்துவின் மனிதத்தன்மையையே. ஒருவர் அதை விண்ணில் வைத்துக் காத்தார். மற்றவர் அப்பத்தில் தேடினார்.

ஆகுபெயரின் இடம்

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இவ்விவாதத்தின் மிகச் சுவையான பகுதி, அணி எந்தச் சொல்லில் அமைந்துள்ளது என்ற வினாவாகும். சுவிங்லி அதனை வினைச்சொல்லில் வைத்தார். ‘ஆகும்’ என்பதற்குக் ‘குறிக்கும்’ என்று பொருள் கொண்டார். நெதர்லாந்துச் சட்ட அறிஞர் கொர்னேலிஸ் ஹூன் எழுதிய மடல் ஒன்று அவருக்கு இவ்வழியைக் காட்டியது. 1525இல் சுவிங்லியே அதனை வெளியிட்டார். மணமகன் மணமகளுக்கு மோதிரம் கொடுத்துத் தன்னையே தருவதாகச் சொல்வதை ஹூன் உவமையாக்கினார். எக்கோலம்பாடியஸ் வேறொரு வழி சென்றார். அவர் வினையைத் தொடவில்லை; ‘உடல்’ என்ற பெயர்ச்சொல்லே உடலின் அடையாளத்தைக் குறிக்கிறது என்றார். தெர்த்துல்லியன் என்ற பழைய திருச்சபைத் தந்தையின் சொல்லாட்சி அவருக்குத் துணைநின்றது. நம் மரபில் சொன்னால், எக்கோலம்பாடியசின் வாதம் ஆகுபெயர் வாதமேயாகும். படத்தைக் காட்டி ‘இவர் பாரதியார்’ என்கிறோம். சொல்பவனும் கேட்பவனும் அதில் மயங்குவதில்லை.

இவ்விடத்தில் லூத்தர் சொற்பொருளை நேரே கொண்டார், மற்றவர் அணியாகக் கொண்டனர் என்றுதான் பாடநூல்கள் எழுதும். அது முழு உண்மையன்று. 1528இல் எழுதிய நற்கருணை பற்றிய பெருநூலில் லூத்தரும் ஓர் அணியை ஒப்புக்கொள்கிறார். ஒருவன் பணப்பையைச் சுட்டி ‘இது நூறு பொற்காசு’ என்கிறான். சுட்டப்படுவது பையும்தான், காசும்தான். இரண்டும் இப்போது ஒன்றாகிவிட்டமையால் ஒன்றன் பெயர் முழுமைக்கும் வழங்குகிறது. நன்னூல் கூறும் ஆகுபெயர் வகைகளுள் தானியாகுபெயர் இதற்கு மிக அணுக்கமானது. ‘பாலை இறக்கு’ என்றால் இறக்கப்படுவது பால் நிறைந்த குடம். படத்திற்கும் குடத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்தால் மார்பர்க் விவாதத்தின் உட்கிடை புலப்படும். படத்தில் பாரதியார் இருக்க வேண்டியதில்லை. குடத்தில் பால் இல்லாவிடில் ‘பாலை இறக்கு’ என்ற தொடர் பொய்யாகிவிடும். ஆகவே லூத்தரும் எக்கோலம்பாடியசும் நேர்ப்பொருள், அணிப்பொருள் என்று பிரிந்தவரல்லர். எவ்வகை ஆகுபெயர் என்பதில் பிரிந்தவர்கள்.

சுவிங்லியின் வழியோ தமிழில் அடைபட்டுவிடுகிறது. பெயர் பயனிலையாக வருவதை எழுவாய் வேற்றுமையின் பயனிலை வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் சொல்கிறது. ‘இது என் வீடு’ என்பதில் வினை தொக்கு நிற்கிறது என்று கொள்ள வேண்டிய தேவையில்லை. இல்லாத வினைக்கு வேறு பொருள் கற்பிக்க முடியாது. இயேசு பேசிய அரமேய மொழியிலும் இத்தகைய தொடருக்கு இணைப்பு வினை கட்டாயமில்லை என்பதைப் பின்வந்த விவிலிய அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். இதனைக் கொண்டு லூத்தரின் மேசையெழுத்து மதிப்பிழந்தது என்று முடிவுகட்டுவாரும் உளர். அது அவசர முடிவு. வினையில்லாத தொடர் உருவகமாகவும் இருக்கலாம், முழு ஒற்றுமையைக் கூறுவதாகவும் இருக்கலாம். ‘இது என் வீடு’ என்பது உருவகமன்றே. வினையின்மை வழக்கைத் தீர்க்கவில்லை. வேறு சொற்களின்மேல் அதை ஏற்றுகிறது.

தமிழ் வேதாகமத்தின் தெரிவு

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு லூத்தரன் மரபினர். அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. பப்ரீசியஸ் முதலானோர் வழியாக அப்பணி தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் பல சபையார் கூடி அமைத்த மொழிபெயர்ப்பாக நிலைபெற்றது. இன்றும் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் பெரிதும் வழங்குவது இதுவே. இம்மொழிபெயர்ப்பு அப்பத்தைப் பற்றிய தொடரில் ‘சரீரம்’ என்று நிறுத்தவில்லை. ‘சரீரமாயிருக்கிறது’ என்று வினை சேர்த்து முடிக்கிறது. கிண்ணத்தைப் பற்றி மத்தேயுவிலும் அவ்வாறே. தமிழுக்குத் தேவையில்லாத வினையைக் கிரேக்க மூலத்தின்மேல் கொண்ட மதிப்பால் பெய்திருக்கின்றனர்.

சுவிங்லி தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டிய இடங்களை இதே மொழிபெயர்ப்பில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். விதை என்பது இறைவார்த்தை என்று லூக்கா விளக்கும் இடம், இயேசு தம்மைத் திராட்சச்செடி என்னும் இடம், கன்மலை கிறித்து எனப் பவுல் கூறும் இடம் ஆகியவற்றில் வினை இல்லை; பெயரோடு தொடர் முடிகிறது. யாத்திராகமத்தின் பஸ்கா விருந்து பற்றிய தொடரும் அப்படியே. இந்தக் கடைசித் தொடருக்குத் தனி வரலாறு உண்டு. 1525 ஏப்ரலில் சூரிச் நகரவையில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, உவமைக்கதை சாராத சான்று ஒன்று வேண்டுமென எதிர்த்தரப்பு கேட்டது. அத்தொடர் தமக்குக் கனவில் நினைவூட்டப்பட்டதாகச் சுவிங்லியே எழுதியிருக்கிறார். அவர் கனவில் கண்ட தொடர் தமிழில் வினையின்றி நிற்க, லூத்தர் மேசையில் எழுதிய தொடர் வினையோடு நிற்கிறது. தமிழ் வேதாகமத்தை மட்டும் படித்தவர்க்கு இவ்விரு தொடர்களும் ஒரே அமைப்புடையன என்று தோன்றவே வழியில்லை.

இதனை லூத்தரன் சார்புடைய திட்டமிட்ட தெரிவு என்று கூறலாமா? கூறுவதற்கில்லை. யோவான் நற்செய்தியில் இயேசு தம்மை உலகின் ஒளி என்னும் இடத்திலும் வழி என்னும் இடத்திலும் இதே மொழிபெயர்ப்பு வினை சேர்க்கிறது. வாசல் என்னும் இடத்தில் சேர்க்கவில்லை. ஒரு கொள்கை இங்கே தொழிற்பட்டதாகத் தெரியவில்லை. எனினும் மொழிபெயர்ப்பாளர் கருதியது ஒன்று, வாசகர் பெறுவது மற்றொன்று. மேலும், ‘ஆயிருக்கிறது’ என்ற வடிவத்தில் ‘ஆய்’ என்பது ‘ஆ’ என்னும் வினையின் எச்சம். ‘சரீரமாக இருக்கிறது’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ‘சரீரம் ஆகி இருக்கிறது’ என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருள் மாற்றத்தைச் சுட்டுவது. கிரேக்க வினைக்கு உண்மையாயிருக்க முயன்ற புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு, தான் மறுத்த பொருள்மாற்றக் கொள்கைக்கு இலக்கணத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டது. அப்பொருள்மாற்றத்தைப் போதிக்கும் கத்தோலிக்கரும் பங்கேற்று உருவாக்கிய 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ அதே இடத்தில் வினையை விட்டுவிட்டு, இயல்பான தமிழ்த் தொடராக அமைக்கிறது.

‘நினைவுகூர்’ என்ற சொல்லும் கருதத்தக்கது. சுவிங்லியின் கொள்கையை வெறும் நினைவு என்று இகழ்வோர், நினைவு என்பதை இல்லாததைப் பற்றிய எண்ணமாகக் கொள்கின்றனர். ‘கூர்’ என்பதற்கு உள்ளது சிறத்தல் என்று உரியியல் பொருள் கூறும். நினைவுகூர்தல் என்பது முன்னிருந்த நினைவு மிகுந்து செறிதல். உலகத் திருச்சபைகள் மன்றத்தின் விசுவாசம்–ஒழுங்கு ஆணையம் 1982இல் லீமாவில் ஏற்ற அறிக்கை, நற்கருணையின் நினைவைக் கடந்தகால எண்ணமாக அல்லாமல் கிறித்துவின் செயல் இப்போது பயன்தருவதாக விளக்குகிறது. அவ்விளக்கத்திற்குத் தமிழ்ச்சொல் முன்னமே இடமளித்திருக்கிறது.

கால்வினும் கிரான்மரும்

கால்வினை நடுவழியினர் என்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது. அடையாளம் வெறுமையானதன்று, தான் குறிப்பதை அது உண்மையாகவே அளிக்கிறது என்பதில் அவர் லூத்தரோடு நிற்கிறார். உடல் விண்ணில்தான் உள்ளது என்பதில் சுவிங்லியோடு நிற்கிறார். இவ்விரண்டையும் பொருத்தத் தூய ஆவியை அழைக்கிறார். கிறித்து அப்பத்திற்கு இறங்கி வருவதில்லை. நம்பிக்கையாளரே ஆவியின் ஆற்றலால் மேலே உயர்த்தப்படுகின்றனர். 1549இல் சுவிங்லியின் வழித்தோன்றலான புல்லிங்கருடன் அவர் செய்துகொண்ட சூரிச் உடன்பாடு சுவிட்சர்லாந்தின் சபைகளை இணைத்தது. லூத்தரன்களோடு இருந்த இடைவெளியையோ பெரிதாக்கியது.

இங்கிலாந்தில் இச்சிக்கல் வழிபாட்டு நூலின் சொல்லமைப்பிலேயே பதிந்தது. பேராயர் கிரான்மரின் 1549ஆம் ஆண்டு நூலில், அப்பம் வழங்கும்போது குரு அதனைக் கிறித்துவின் உடல் என்று சுட்டி, அது பெறுபவரைக் காக்க வேண்டுமென வேண்டுவார். 1552ஆம் ஆண்டு நூலில் இவ்வாக்கியம் நீக்கப்பட்டது. கிறித்து உனக்காக மரித்ததை நினைத்து உண், நம்பிக்கையால் இதயத்தில் அவரை உட்கொள் என்ற பொருளில் வேறொரு வாக்கியம் இடம்பெற்றது. முதல் எலிசபெத் காலத்து 1559ஆம் ஆண்டு நூல் இவ்விரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவைத்தது. 1662ஆம் ஆண்டு நூலும் அவ்வாறே வைத்துக்கொண்டது. முழந்தாளிடுவது அப்பத்தை வணங்குவதாகாது என்ற குறிப்பு 1552இல் வந்து, 1559இல் மறைந்து, 1662இல் ஒரு சொல் மாறித் திரும்பி வந்தது. இது கோழைத்தனமான சமரசம் என்று கண்டிப்பவர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. மார்பர்க்கில் ஒரே மேசையில் அடங்காத இரண்டு வாக்கியங்களை ஒரே மனிதர் ஒரே மூச்சில் சொல்லும்படி அமைத்தது, இறையியலாளர் செய்ய முடியாததை வழிபாடு செய்துகாட்டியதற்குச் சான்று. மெதடிச இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1784இல் அமெரிக்காவுக்குச் சுருக்கி அனுப்பிய வழிபாட்டு நூலும் இம்மரபிலிருந்தே வந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தமிழ் மெதடிசச் சபைகளின் முன்னோர் வரிசையில் அதற்கும் இடமுண்டு. அவர்கள் கிண்ணத்தில் புளிக்காத திராட்சைச் சாறு இருப்பதும் மெதடிச வரலாற்றின் விளைவே. 1869இல் தாமஸ் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிசர் அச்சாற்றைக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டதே அதற்குத் தொடக்கம்.

பெயர்கள்

தமிழ்ச் சபைகளில் இச்சடங்கிற்கு ஒரே பெயர் இல்லை. ‘நற்கருணை’ கத்தோலிக்கர் வழக்கில் வேரூன்றியது. புராட்டஸ்டண்டு சபைகள் சிலவும் ‘பரிசுத்த நற்கருணை’ என்கின்றன. நன்றிகூறல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ‘நல்’ என்றும் ‘அருள்’ என்றும் கொண்டு ஆக்கியதுபோல் இச்சொல் தோற்றமளிக்கிறது. ‘இராப்போஜனம்’ என்பது வேதாகமத் தமிழ். லூத்தர் வழங்கிய ஜெர்மானியச் சொல்லுக்கும் மாலை உணவு என்பதே பொருள். தென்னிந்தியத் திருச்சபையில் பரவலாக வழங்குவது ‘திருவிருந்து’. ‘விருந்து’ என்பது முதலில் புதுமையைக் குறித்து, பின் புதிதாய் வந்தவரைக் குறித்து, அதன்பின் அவருக்கு இடும் உணவைக் குறித்தது. திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தில் விருந்து என்பது உணவன்று, ஆள். இச்சொல்லைச் சடங்கிற்குப் பெயராக்கியபோதே, என்ன உண்கிறோம் என்பதோடு யார் வந்திருக்கிறார் என்ற கேள்வியும் உள்ளே நுழைந்துவிட்டது.

பந்தி

நான்காவது பெயர் ‘பந்தி’. கர்த்தருடைய பந்தி என்பது வேதாகம வழக்கு. வரிசையாக அமர்ந்து உண்பதைக் குறிக்கும் இச்சொல், தமிழ்ச் சமூகத்தில் யார் அருகில் யார் அமரலாம் என்பதையும் கூடவே குறிக்கும். ஐரோப்பாவில் உடல் அப்பத்தில் உள்ளதா என்று கேட்ட சடங்கைக் குறித்து, தமிழ்நாட்டில் எழுந்த பெருவழக்கு அதே அப்பத்தை யாருக்குப் பின் யார் பெறுவது என்பதாக இருந்தது.

தரங்கம்பாடி, தஞ்சைச் சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. நற்கருணை பெறுவதிலும் முன்பின் வரிசை இருந்தது. பின்வந்த மிஷனரிகள் சிலர் இதை மாற்ற முயன்றபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829இல் அவர்களைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கப் பேராயர் டானியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். ஆண்டவரின் மேசையை அணுகுவதும் அதில் அடங்கும். பலர் சபையைவிட்டு விலகினர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1847இல் இன்னும் ஒருபடி மேலே சென்றது. தாழ்த்தப்பட்டோருடன் அமர்ந்து உண்டு சாதியைக் கைவிட்டதை மெய்ப்பிக்காதவர்க்கு நற்கருணை இல்லை என்றது. 1840இல் தரங்கம்பாடிப் பணியை ஏற்க வந்த லைப்சிக் லூத்தரன் மிஷன் இதனை ஏற்கவில்லை. சாதி ஒரு சமூக ஒழுங்கு, அதனைக் கட்டாயத்தால் அகற்றுவது நற்செய்தியின் வழியன்று என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் வாதம். 1856இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்ட அதே கிரவுல்தான் இவர்.

தொடக்கத்தில் கண்ட கோட்டை இப்போது மீண்டும் வைத்துப் பார்ப்போம். மதுரை அமெரிக்கர் சுவிங்லி, கால்வின் மரபின் வாரிசுகள். பிரசன்னம் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவர்கள். லைப்சிக்கார் மிக உயர்வாகச் சொல்பவர்கள். ஆனால் பந்தியில் இவ்வரிசை தலைகீழாகிறது. அப்பத்தில் கிறித்துவின் மெய்யுடல் உண்டென்று உறுதிகூறியவர்கள், அதனைப் பெறுவோர் பிரிந்து நிற்பதைப் பொறுத்துக்கொண்டனர். அடையாளமே என்றவர்கள் சேர்ந்து உண்பதை நிபந்தனையாக்கினர்.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சுவிங்லி 1525இல் சூரிச்சில் அமைத்த வழிபாட்டு ஒழுங்கை நோக்கினால் காரணம் தெரியும். பீடமில்லை, மக்கள் தம் இருக்கைகளில் அமர்ந்திருக்க, மரத்தட்டுகளில் அப்பம் அவர்களிடம் கொண்டுவரப்பட்டது, மரக்கிண்ணங்களும் அவ்வாறே. சொல்லளவில் அன்றிச் செயலளவில் அது பந்தியேயாகும். வீரன் தன் உடையில் தைத்துக்கொள்ளும் சுவிஸ் வெள்ளைச் சிலுவையைப் போல, பங்கேற்பவன் தான் யாரைச் சார்ந்தவன் என்று அறிவிக்கும் உறுதிமொழியாக அவர் அருட்சாதனத்தைக் கருதினார். ஒரே அப்பத்தில் பங்குபெறும் பலர் ஒரே உடல் என்று பவுல் கூறியதே அவருக்கு அடிப்படை. உடல் என்பதற்குக் கூடியிருப்போர் என்ற பொருளும் உண்டென்பதை மார்பர்க் விவாதம் ஏறக்குறைய மறந்தது, சூரிச் மறக்கவில்லை. இவ்வகையில் சுவிங்லியை வறிய கொள்கையினர் என்பது பிழை.

அவரை இதற்காக உயர்த்திப் பிடிப்பதும் எளிதன்று. நகரமும் சபையும் ஒரே உடலென்று கொண்ட அதே சூரிச்சில்தான், குழந்தைத் திருமுழுக்கை மறுத்த பெலிக்ஸ் மான்ட்ஸ் 1527 ஜனவரியில் நீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். மதுரை மிஷனின் முறையிலும் ஒரு நெருடல் உண்டு. விருந்தைத் தேர்வாக்கினால், தாழ்த்தப்பட்டவர் அங்கே விருந்தினராக இருப்பதில்லை. மற்றவரின் உறுதியைச் சோதிக்கும் கருவியாகிவிடுகிறார். லூத்தரின் கொள்கையிலோ, அப்பத்தைப் பெறுபவரின் தகுதியும் தருபவரின் தகுதியும் கொடையின் மெய்ம்மையைத் தொடா. வரிசையில் கடைசியாக நின்றவர் பெற்றது முன்னின்றவர் பெற்றதினும் அணுவளவும் குறைந்ததன்று. அதனை உரக்கச் சொல்லும் வலிமை லைப்சிக்காரின் இறையியலில் இருந்தது. அவர்கள் அதை வரிசைமீது திருப்பவில்லை.

1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியபோது ஆங்கிலிக்கர், மெதடிசர், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலார் ஒரே பந்திக்கு வந்தனர். 1919 முதல் தனித்து இயங்கிய தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை அதில் சேரவில்லை. ஐரோப்பாவில் லூத்தரன், கால்வின் மரபுச் சபைகள் 1973இல் லாய்ன்பர்க் உடன்பாட்டின் வழி ஒருவர் பந்தியில் ஒருவர் அமர இசைந்தன. மார்பர்க் முடிந்து 444 ஆண்டுகளுக்குப் பின். 2020இல் பெருந்தொற்றால் ஆலயங்கள் மூடப்பட்டபோது, திரைமுன் அமர்ந்து வீட்டில் உண்ணும் அப்பம் நற்கருணையாகுமா என்று சபைகள் மாறுபட்ட விடை கூறின. அப்போது கேட்கப்பட்டதும் ‘ஆயிருக்கிறது’ பற்றிய கேள்வியன்று, ‘கூடியிருத்தல்’ பற்றியதே.

கொரிந்து நகரில் பவுல் எதிர்கொண்டதும் ஏறத்தாழ இதுவே. செல்வர் முந்திக்கொண்டு உண்டனர், வறியவர் பசித்திருந்தனர். அவர்களைக் கண்டிக்கும் பகுதியில், உடலை வேறுபடுத்தி உணராமல் உண்பவன் தன்மேல் தீர்ப்பை வருவித்துக்கொள்கிறான் என்கிறார் பவுல். மிகப் பழைய கிரேக்கக் கைப்படிகளில் இவ்விடத்தில் ‘உடல்’ என்று மட்டுமே உள்ளது. பின்வந்த படிகள் ‘ஆண்டவருடைய’ என்ற அடையைச் சேர்த்தன. அடையில்லாதபோது அச்சொல் அப்பத்தையும் குறிக்கலாம், அருகில் பசித்திருப்பவரையும் உள்ளடக்கிய சபையையும் குறிக்கலாம். அடை சேர்ந்ததும் வாசகர் கண் அப்பத்தின்மேலேயே நிலைத்துவிடுகிறது. பவர் குழுவினரின் தமிழ் மொழிபெயர்ப்பு பிற்படிகளைப் பின்பற்றியது. ‘கர்த்தருடைய’ என்ற சொல் அதில் இன்றும் உள்ளது.